ஆறு முதலாளிகளும் ஒரு மெக்கானிக்கும்

எனக்குப் பின்னால் மையத்தில் வேலைக்கு வந்திருக்கும் இரண்டு பெண்களும் போன ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்துவிட்டு, அப்படியே வில்பட்டி பஸ்ஸைப் பிடித்து என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இனிமேல் வேலை கேட்டு வருகிற பிள்ளைகளின் விவரமெல்லாம் செல்போன் செயலியில் ஏறப் போகிறதாம். பிள்ளை ஒரு பக்கம் தன் படிப்பைப் போடுவான், முதலாளி மறுபக்கம் காலியிடத்தைப் போடுவார், இரண்டையும் அது பொருத்திவிடும். "நீங்க எப்படிக்கா பொருத்துனீங்க? எழுதிக் குடுங்க, அதையும் உள்ள போட்டுர்றோம்" என்றார்கள். கல்யாணத் தரகரிடம் கேட்பது போல இருந்தது. காபி கொடுத்து, ஆளுக்கு ஒரு கிலோ பீன்ஸும் கொடுத்து அனுப்பினேன். பிறகு எழுத உட்கார்ந்தால், உள்ளே போடக்கூடிய எதுவும் வரவில்லை. இதுதான் வந்தது.

வேலைவாய்ப்பு மையம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கொடைக்கானல் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு பேக்கரியின் மாடியில் இரண்டு அறை. கீழே ரொட்டி வேகிற வாசனையில் மேலே பசியோடு உட்கார்ந்திருப்போம். ஊர்ப் பிள்ளைகள் படிப்பை முடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பதும், நின்று அலுத்துப்போய் திருப்பூர் பஸ்ஸில் ஏறுவதுமாக இருந்த சமயத்தில், லாட்ஜ்காரர்களும் காய்கறி மண்டிக்காரர்களும் கோயில், சர்ச், பள்ளிவாசல் ஆட்களுமாகச் சேர்ந்து ஆரம்பித்தது. ஒருவர் அறையைக் கொடுத்தார், ஒருவர் பெஞ்சைக் கொடுத்தார், ஜீப் டிரைவர்கள் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். நான் அங்கே இருபத்தோரு வருடம் இருந்தேன். பயிற்சி என்று திண்டுக்கல்லில் பத்து நாள் கொடுத்தார்கள். அதில் எனக்கு நினைவிருப்பது மதியச் சாப்பாடு மட்டும்தான். வேலையை எனக்குக் கற்றுத் தந்தது மழையும் ஆரோக்கியசாமி சாரும்.

சார் மையத்தை நடத்த வருவதற்கு முன்னால் ஒரு போர்டிங் ஸ்கூலில் கட்டடப் பராமரிப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவர். ஒல்லியான ஆள். எப்போதும் ஒரே பழுப்பு நிற கோட்டு. நடை என்றால் ஆமை கூட அலுத்துக்கொள்ளும். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு "வெரி குட்" என்பார். இது தெரியாமல் முதல் மாதத்தில் அவர் என்னை நாலு தடவை பாராட்டிவிட்டதாக வீட்டில் போய்ப் பெருமை அடித்துக்கொண்டேன்.

அந்த முதல் மாதம் என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, கடைவீதியில் எங்கெங்கே ஆள் தேவை என்று கேட்டு வரச் சொன்னார். செருப்புத் தேயச் சுற்றினேன். லாட்ஜ், ஹோட்டல், மளிகை, மண்டி, துணிக்கடை. எல்லா இடத்திலும் ஒரே பதில். "சீசனுக்கு வாங்கம்மா, பாக்கலாம்." சீசன் இரண்டு மாதம். மிச்ச மாதமெல்லாம் பிள்ளைகள் வயிற்றில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டா இருப்பார்கள்? நோட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டேன். சத்தமாகத்தான் போட்டேன். சார் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நானும் வாரேன்" என்றார்.

ஐப்பசி மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சார் நடக்கிற நடைக்கு ஒரு நாளைக்கு நாலு கடை பார்த்தால் அதிகம். முதலில் ஏரிப் பக்கம் இருந்த பாண்டியன் லாட்ஜுக்குப் போனோம். அதே பாண்டியன் அண்ணன்தான் முந்தின வாரம் என்னை வாசலிலேயே வைத்து அனுப்பியவர். சார் குடையை மடக்கி வெளியே சாத்திவிட்டு உள்ளே போய், "பாண்டியன், உங்க லாட்ஜில செய்யணும் செய்யணும்னு நெனச்சு, செய்யாமலே கெடக்குற சோலி எது?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அந்த மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அத ஏன் சார் கேக்குறீங்க. பதினாலு ரூம்ல அஞ்சு ரூம்ல கீசர் கெடக்குற கெடப்பு... வெந்நி வரலைன்னு வெள்ளனே அஞ்சு மணிக்கே ஆளு கதவத் தட்டுறான். மெக்கானிக்கு வத்தலக்குண்டுலேருந்து வரணும். அவன் வர்றதுக்குள்ள கெஸ்ட்டு ரூமக் காலி பண்ணிட்டுப் போயிர்றான்." அரை மணி நேரம் பேசினார். டீ வந்தது. மறுபடியும் பேசினார். சார் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. எழுதி எழுதி எனக்குக் கை வலித்துப் போனது.

அந்த மழை முடிவதற்குள் நோட்டு நிறைந்துவிட்டது. ஆளே தேவையில்லை என்ற ஊரில் இவ்வளவு சோலி கெடக்கிறதே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். ஆனால் எதுவும் ஒரு முழு ஆளுக்கான வேலையாக இல்லை. ஒரு இடத்தில் ஒரு நாள், இன்னொரு இடத்தில் அரை நாள். சார் ஸ்கூலிலிருந்து ஒரு பழைய கரும்பலகையை வாங்கி வந்து சுவரில் மாட்டினார். அதில் திங்கள் முதல் சனி வரை ஆறு கட்டம் போட்டு, இந்தத் துண்டுகளை எடுத்து அந்தக் கட்டங்களில் பொருத்திப் பார்ப்பார். வேலை இல்லை என்ற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "முழுசா இல்ல தனம். துண்டு துண்டா இருக்கு. தைக்கணும்" என்பார். எங்கள் மையம் அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அந்தத் தையல் வேலைதான்.

முதலில் தைத்தது ஜெனிபருக்கு. போன் எடுக்க ஆளில்லை என்று மூன்று லாட்ஜ்காரர்கள் புலம்பியிருந்தார்கள். ஜெனிபர் நன்றாக இங்கிலீஷ் பேசுவாள், ஹிந்தியும் தட்டுத் தடுமாறி வரும். மூன்று லாட்ஜின் போனையும் ஒரே மேசையில் வைத்து அவளை உட்கார வைத்தோம். முதல் வாரமே ஒரு சென்னைக் குடும்பத்துக்கு இரண்டு லாட்ஜில் ரூம் போட்டுவிட்டாள். இரண்டு லாட்ஜ் வேனும் போய் பஸ் ஸ்டாண்டில் அந்தக் குடும்பத்தின் பெட்டிகளை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டன. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஜெனிபர் இன்றைக்கும் அந்த வேலையில் இருக்கிறாள், இப்போது லாட்ஜ் மட்டும் ஏழு.

பிள்ளைகளை அவர் விசாரிக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். மேசைக்கு எதிரே உட்கார்த்த மாட்டார். பெஞ்சில் உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்காருவார். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் "நீங்க"தான். சான்றிதழ் ஃபைலை இரண்டு கையாலும் வாங்கி, திறந்து, போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு மூடி மடியில் வைத்துக்கொள்வார். பிறகு ஒரே கேள்வி. "உங்க வீட்டுல, தெருவுல, எது கெட்டுப்போனா உங்களத் தேடி வருவாங்க?" பாதிப் பேர் "யாரும் வர மாட்டாங்க சார்" என்பார்கள். "அவசரமில்ல, டீ வரட்டும், யோசிங்க" என்பார். டீ குடித்து முடிப்பதற்குள் ஏதாவது ஒன்று வந்துவிடும். ஒருத்தன், "சண்டைன்னா கூப்புடுவாங்க சார், வெலக்கி விட" என்றான். அவனை ஜீப் ஸ்டாண்டில் வரிசை பார்க்கப் போட்டோம். அங்கே அதுவரைக்கும் தினம் ஒரு கைகலப்பு நடந்துகொண்டிருந்தது.

யோகராஜ் வந்தது இதெல்லாம் நடந்து வெகு காலத்துக்குப் பிறகு. பெரும்பாறைக்காரன். அவன் பாட்டன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய், திரும்பி அனுப்பப்பட்டு வந்த குடும்பம். அப்பா காபித் தோட்டத்தில் மிளகுக் கொடி ஏறுகிறவர். இவன் ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, திருப்பூரில் ஒரு வருடம் பனியன் மூட்டை தூக்கிவிட்டுத் திரும்பி வந்து, இரண்டு வருடமாக வீட்டில் இருந்தான். இருபத்துமூன்று வயது. சார் கேள்வியைக் கேட்டதும் டீ வருகிற வரைக்கும்கூட யோசிக்கவில்லை. "காபிப் பழம் ஒரிக்கிற மெஷின் நின்னா கூப்புடுவாங்க சார். மோட்டார் நின்னா கூப்புடுவாங்க. கோயில் மைக் செட்டு கத்துனா கூப்புடுவாங்க. துட்டுத் தர மாட்டாங்க, ஆனா கூப்புடுவாங்க" என்றான். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பழைய நோட்டைப் புரட்டி, இன்னும் ஆள் கிடைக்காமல் கிடந்த கீசர் பக்கத்தை எடுத்தேன்.

அவனுக்கு நான் தைத்துக் கொடுத்த வாரம் மாதிரி ஒரு வாரத்தை நான் அதற்கு முன்னாலும் தைத்ததில்லை, பின்னாலும் இல்லை. திங்கள் பாண்டியன் அண்ணன் லாட்ஜ். செவ்வாய் அதற்கு மேல்பக்கம் இன்னொரு லாட்ஜ். புதன் சர்ச்சு கெஸ்ட் ஹவுஸ். வியாழன் எங்கள் கீழ்வீட்டு பேக்கரி, அங்கே மாவு பிசைகிற மெஷின் இருமிக்கொண்டே இருக்கும். வெள்ளி சிஸ்டர்கள் நடத்துகிற பெண்கள் ஹாஸ்டல். சனி எங்கள் ஊர் வில்பட்டியில் கேரட் கழுவுகிற மோட்டார்களும் பம்புகளும். ஆறு நாள், ஆறு முதலாளி, நடுவில் ஒரு ஓட்டை இல்லை. ஆனந்தகிரிப் பக்கம் இன்னொரு பையனோடு சேர்ந்து தங்க ஒரு அறையும் பிடித்துக் கொடுத்தேன். பலகையில் எழுதி முடித்துவிட்டு, தள்ளி நின்று பார்த்தேன். புதுச் சேலை கட்டிக் கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. கீசர் கிழமை பார்த்துக் கெடுவதில்லை. திங்கட்கிழமை பாண்டியன் அண்ணனிடம் இருக்க வேண்டியவனை, வழியில் ஹாஸ்டல்காரர்கள் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விடுவார்கள். உடனே எனக்குப் போன். "தனம்மா, பையன் இன்னும் வரல." அவன் எங்கே என்று கண்டுபிடிக்க நான் ஆறு போன் போட வேண்டும். ஒருவருக்கொருவர் முகம் சுளிக்கவும் ஆரம்பித்தார்கள். எனக்கா பொறுமை கிடையாது. ஒரு தாளை எடுத்து எழுதினேன். 'யோகராஜ் ஒரு நாள் வரவில்லை என்றால் வேறு இடத்தில் அவசர வேலை என்று பொருள். போன் செய்ய வேண்டாம். ஒருவருக்கொருவர் அனுசரித்துக்கொள்ள வேண்டும்.' ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சாரும் படித்துப் பார்த்து, "நல்லாருக்கு தனம்" என்று கீழே கையெழுத்துப் போட்டார். அன்று முதல் போன் அடங்கியது. நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அந்த வருடம் டிசம்பர் கடைசியில் ஊரே கூட்டத்தில் பிதுங்கியது. எல்லா லாட்ஜும் நிறைந்துவிட்டது. குளிர் என்றால் புல்லெல்லாம் காலையில் வெள்ளையாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் காதர் பாய் எனக்குப் போன் செய்தார். பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர். கூச்ச சுபாவம். மையத்துக்கு வருடத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் டப்பா அனுப்புவார், தான் வர மாட்டார். யோகராஜ் ஆறு இடத்துக்கும் வேண்டிய சாமான்களை அவர் கடையில்தான் எடுப்பான்.

"தனம்மா, பையன் எங்க?" என்றார்.

நான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். "இன்னைக்கு வெள்ளிக்கெழமைல்ல பாய், ஹாஸ்டல்ல இருப்பான்."

"ஹாஸ்டல்லேருந்து வாட்ச்மேன் இப்பத்தான் வந்து கொழாய் வாசர் வாங்கிட்டுப் போறாரு. பையன் வரல, நானே போட்டுப் பாக்குறேன்னாரு."

"அப்ப பாண்டியண்ணன் லாட்ஜில அவசரமா இருக்கும் பாய். கூட்ட நேரமாச்சே."

பாய் கணக்கு நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "திங்கக்கெழமையிலேருந்து ஒரு வாசரு, ஒரு டேப்பு எடுக்க வரலம்மா. கீசருக்கு ரெண்டு எலிமென்ட் எடுத்து வைக்கச் சொன்னான், அது அப்படியே கெடக்கு. நாலு நாள் கீசரு கெடாம இருக்குமா இந்தக் குளுருக்கு?" என்றார்.

நான் ஆறு பேருக்கும் போன் போட்டேன். திங்கட்கிழமை வரவில்லை, ஹாஸ்டலில் அவசரம் என்று நினைத்தோம் என்றார் ஒருவர். புதன் வரவில்லை, பேக்கரி மெஷின் நின்றிருக்கும் என்று நினைத்தோம் என்றார் இன்னொருவர். ஒருவர்கூட என்னிடம் குறை சொல்லவில்லை, அவ்வளவு அனுசரணை.  யோகராஜின் போன் அணைந்து கிடந்தது.

நான் படியிறங்கி ஓடுவதற்குள், பாய் ஜும்மா தொழுகைக்குக் கிளம்ப வேண்டியவர், கடையைப் பாதி ஷட்டரில் விட்டுவிட்டு ஆனந்தகிரிக்குப் போய்விட்டார். கூடத் தங்கியிருந்த பையன் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தான். கதவைத் தட்டித் திறக்காமல், பாயும் அந்த வீட்டுச் சொந்தக்காரரும் தோளால் இடித்துத் திறந்திருக்கிறார்கள். நான் போனபோது பாய் யோகராஜைத் தன் சால்வையால் சுற்றி மடியில் சாய்த்து வைத்திருந்தார். உதடு வெடித்திருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு காலி வாட்டர் பாட்டில் பக்கத்தில் கிடந்தது. என்னைப் பார்த்ததும், "அக்கா, இன்னைக்கு என்ன கெழம?" என்று கேட்டான்.  

நிமோனியா. பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கூட்டி வந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். அன்று சாயங்காலம் ஆறு முதலாளிகளும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஆறு பேர் கையிலும் ரொட்டிப் பொட்டலம். வராந்தாவில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சார் கடைசியாக வந்தார். நான் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தேன். வாங்கிப் பார்த்தார். கீழே தன் கையெழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெரி குட்" என்றார். அது எனக்குச் சொன்னது இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவன் அம்மா பாக்கியம் வந்து சேர்ந்தார். கட்டுக்குட்டான பெண்மணி. காபிப் பழம் பறித்துக் கறுத்த விரல்கள். யாரையும் ஏசவில்லை. ஐந்து நாள் மகன் கட்டிலை விட்டு நகரவில்லை. டிஸ்சார்ஜ் ஆகிற அன்றைக்கு ஆனந்தகிரி அறைக்குப் போய் அவன் துணிமணியெல்லாம் ஒரு நீலப் பைக்குள் திணித்து எடுத்துக்கொண்டு வந்தார். அறையில் ஒரு கயிற்றுக்கொடியைத் தவிர எதையும் விட்டு வைக்கவில்லை.

நாங்கள் எல்லாரும் வராந்தாவில் நின்றோம். நான்தான் முதலில் பேசினேன். "அந்தத் தாள எழுதுனது நான்தாம்மா. போன் பண்ணாதீங்கன்னு எழுதுனது." தாளை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியும். "எழுத்து நல்லா இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். என்னை யாராவது அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"நான் இங்கயே இருக்கேம்மா" என்றான் யோகராஜ். குரலே எழவில்லை.

"நீ இருப்ப. நாலு நாள் யாருக்கும் தெரியாமலும் கெடப்ப."

பாண்டியன் அண்ணன் முன்னால் வந்தார். "இனிமே நாங்க ஆறு பேரும் தெனம் போன் பண்ணிர்றோம்மா."

"பண்ணுவீங்க. ஒரு மாசம் பண்ணுவீங்க. பெறகு அவர் பண்ணிருப்பாருன்னு இவர் விட்டுருவாரு." பாக்கியம் பையைக் கீழே வைத்தார். "நான் சின்னப் புள்ளையில கப்பலேறி வந்தவ. அங்க தேயிலைத் தோட்டத்துல விடியமுன்ன பெரட்டு எடுப்பாங்க. எல்லாத்தையும் ஒரு எடத்துல நிக்க வச்சு, ஒவ்வொரு பேரா கூப்புடுவாங்க. எங்கம்மாவுக்கு அந்தப் பெரட்டுன்னாலே ஆகாது. மழையோ குளுரோ நின்னே ஆகணும், பிந்திப் போனா அன்னைக்குப் பேரு கெடையாது. அது நல்லதுன்னு நான் சொல்ல வரல. ஆனா பேரக் கூப்புட்டு கொரல் வரலைன்னா லயத்து வீட்டுக்கே ஆள் போவும். என்ன ஏதுன்னு பாத்துட்டு வரும். என் புள்ளைக்கு ஆறு மொதலாளி இருக்காங்க. காலைல இவென் பேரக் கூப்புட ஒரு ஆளு இருக்கா?"

 ஆறு முதலாளிகளும் ஆறு பக்கம் பார்த்தார்கள்.  தூணுக்குப் பின்னால் நின்றிருந்த காதர் பாய் தொண்டையைச் செருமினார். "என் கடையில கூப்புடலாம்மா. ஏழரைக்குத் தொறந்துருவேன்" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

பாக்கியம் அவர் பக்கம் திரும்பினார். கதவை இடித்து மகனைத் தூக்கியவர் பாய்தான் என்று அந்தம்மாவுக்குத் தெரியும். "நீங்க சொன்னா செய்வீங்க. ஆனா நான் இப்ப இவென விட்டுட்டுப் போக மாட்டேன்" என்றார். பையை எடுத்தார். மகனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தாண்டிக்குடி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினார். திரும்ப அனுப்புவாரா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை.

மறுநாள் காலை ஏழரைக்குப் பாய் கடை வாசலில் பெரட்டு ஆரம்பமானது. எங்களிடம் அப்படித் துண்டு வேலைகளைச் சேர்த்து ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒன்பது பேர். பாய் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெயர்களை எழுதி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். எட்டுப் பேர் குரல் கொடுத்தார்கள். ஒன்பதாவது யோகராஜ். "ஊருக்குப் போயிருக்கான் பாய், தெரியாதா" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. "கொரல் வரல்ல? அப்பக் கேக்கணும்" என்று பெரும்பாறைக்குப் போன் போட்டார்.

அடுத்த நாளும் போட்டார். அதற்கு அடுத்த நாளும். பாக்கியம் வீட்டில் சிக்னல் கிடையாது. மேட்டு ரோட்டுக்கு ஏறி வந்து பேச வேண்டும். ஏழரை ஆகிவிட்டால் அந்தம்மா காபிச் செடியை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறி வந்து நிற்க ஆரம்பித்தாராம். "பேரக் கூப்புட்டோம்மா, கொரல் வரல, அதான் கேட்டேன்" என்பார் பாய். "இருக்கான் பாய், கஞ்சி குடிச்சான்" என்பார் அவர். இப்படிப் பதினாறு நாள். எனக்கு இதெல்லாம் பாய் சொல்லித்தான் தெரியும். ஆறு முதலாளிகளும் அந்தப் பதினாறு நாளும் வேறு மெக்கானிக்கைத் தேடவில்லை. பாண்டியன் அண்ணன் விருந்தாளிகளுக்கு அண்டாவில் வெந்நீர் போட்டுக் கொடுத்தார். கேட்டதற்கு, "பையன் வரட்டும்மா" என்றார். என்னை வாசலோடு அனுப்பியதற்காக அவர் மேல் எனக்கு அதுவரைக்கும் இருந்த கொஞ்ச நஞ்சக் கோபமும் அன்றைக்குப் போய்விட்டது.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தாயும் பிள்ளையும் வில்பட்டியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவன் முகம் தெளிந்திருந்தது. அந்தம்மா கையில் அதே நீலப் பை. "நாளைக்குக் காலைல பெரட்டப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். ராத்திரி சமையல்கட்டில் எனக்குக் கேரட் நறுக்கிக் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடுங்க. நீங்களும் ஒரு ஆளுதான, எத்தனையத்தான் பாப்பீங்க" என்றார். படுக்கும்போது பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்.

காலை முதல் பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். மூடுபனியில் எதிர்க்கடை தெரியவில்லை. யோகராஜ் மட்டும் ரோட்டைத் தாண்டிப் பாய் கடைக்குப் போனான். அந்தம்மா வரவில்லை. இந்தப் பக்கம் பெரும்பாறை வழி பஸ் கிளம்பத் தயாராக நின்றிருந்தது, அதன் படிக்கட்டுப் பக்கத்தில் பையோடு நின்றுகொண்டார். அவனும் திரும்பி வந்து இதே பஸ்ஸில் ஏற வேண்டியிருந்தால் ஏறட்டும் என்றுதான் அங்கே நின்றார் என்று எனக்குப் புரிந்தது. நானும் அவரோடு நின்றேன். எங்களுக்கு ஆள்கள் தெரியவில்லை, குரல்தான் கேட்டது. பாய் ஒவ்வொரு பெயராக வாசித்தார். எட்டுக் குரல் வந்தது.

"யோகராஜ்."

 அந்தம்மா பையின் பிடியை இறுக்கினார்.

"இருக்கேன் பாய்."

பனிக்குள் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். பாக்கியம் ஒரு கால் படியில் வைத்து, நீலப் பையை என் கையில் கொடுத்தார். "குடுத்துருங்க. ஸ்வெட்டர் மேலயே இருக்கு, வெரசாப் போட்டுக்கச் சொல்லுங்க" என்றார். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னல் வழியாக அவர் எங்களைப் பார்க்கவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் ரோட்டைக் கடந்து போய்ப் பையைக் கொடுத்தபோது என் முகமெல்லாம் நனைந்திருந்தது. "ஸ்வெட்டர் போடச் சொன்னாங்க" என்றேன். யோகராஜ் பையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டான். பாயிடம் அந்த இரண்டு எலிமென்டையும் வாங்கிக்கொண்டான். அன்றைக்குத் திங்கட்கிழமை. பாண்டியன் அண்ணன் லாட்ஜுக்குக் கிளம்பினான்.